ஹோட்டல் பாயிண்ட்: இலவச இரவா, வட்டி வலையா?

நமதூரிலிருந்து வெளியே சென்று வேலை பார்ப்பவர்களில் பலர், கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் போய்த் தங்குகிறவர்கள். தம்மாமிலிருந்து ஜுபைலுக்கு சைட் பார்க்கப் போகும் இஞ்சினியர், துபாயிலிருந்து மஸ்கட்டுக்கு ஆர்டர் பிடிக்கப் போகும் சேல்ஸ்மேன், சென்னையிலிருந்து மாதம் இரண்டு தடவை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அலையும் ஐ.டி. தம்பி என்று சொல்லிக்கொண்டே போகலாம். வருடத்தில் முப்பது, நாற்பது இரவுகளை இவர்கள் பெரிய ஹோட்டல்களில் கழிக்கிறார்கள். பில்லைக் கம்பெனி கட்டுகிறது. காலி செய்யும்போது ரசீதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த இரவுகளுக்கு ஹோட்டல் தரத் தயாராக இருந்த பாயிண்டுகள் கேட்பாரின்றிப் போகின்றன.

இன்னொரு பக்கம், நெல்லிக்குப்பத்திலோ கடலூரிலோ இருந்துகொண்டு வருடத்தில் ஓர் இரவுகூட ஹோட்டலில் தங்காத ஒருவர், வங்கியிலிருந்து வந்த போன் அழைப்பில் மயங்கி, ஹோட்டல் பெயர் பொறித்த கிரெடிட் கார்டை வாங்கிவிடுகிறார். 'செலவு செய்தால் போதும், பாயிண்ட் சேரும், மக்காவில்கூட இலவசமாகத் தங்கலாம்' என்று சொல்லப்படுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாயிண்ட் கொஞ்சமும் வட்டி நிறையவும் சேர்ந்திருக்கின்றன.

இந்த இரு சாராருக்காகவும்தான் இதை எழுதுகிறோம்.

இந்தப் பாயிண்ட் வழக்கம் புதிதல்ல. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமான நிறுவனம், அடிக்கடி பயணிப்பவர்களுக்கு மைல் கணக்கு வைத்துத் தரத் தொடங்கியது. அதைப் பார்த்து 1983-இல் ஹாலிடே இன், மேரியாட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்களும், 1987-இல் ஹில்டனும் ஹயாத்தும் தங்களுக்கென்று திட்டங்களைத் தொடங்கின. 2016-இல் மேரியாட் நிறுவனம் ஸ்டார்வுட் குழுமத்தை வாங்கியது. இரண்டின் திட்டங்களும் சேர்ந்து 2019 முதல் 'மேரியாட் பான்வாய்' என்ற பெயரில் நடக்கின்றன. ஷெரட்டன், வெஸ்டின், லெ மெரிடியன், கோர்ட்யார்ட் எல்லாம் இதற்குள் அடக்கம். ஃபேர்மாண்ட், புல்மேன், நோவோடெல், ஐபிஸ் ஆகியவை அக்கோர் குழுமத்தில் வரும். இன்டர்கான்டினென்டல், கிரவுன் பிளாசா, ஹாலிடே இன் ஆகியவை ஐ.எச்.ஜி. குழுமத்தில் வரும். ஹோட்டல் வாசலில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட அது எந்தக் குழுமம் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். ஏனென்றால் கணக்கு குழுமத்தின் பெயரில்தான் ஓடுகிறது.

உறுப்பினராவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. செயலியிலோ இணையதளத்திலோ பெயர், மின்னஞ்சல் கொடுத்தால் ஓர் எண் தருவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். நம்மவர்களின் பெயரில் 'முஹம்மது' ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டு, பெயர் பொருந்தவில்லை என்று பாயிண்ட் ஏறாமல் நிற்பதற்கு வாய்ப்புண்டு. அறை பதிவு செய்யும்போதோ சாவி வாங்கும்போதோ அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

மேரியாட், ஹில்டன், ஐ.எச்.ஜி. மூன்றிலும் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட். ரியாலிலோ ரூபாயிலோ கட்டினாலும் டாலராக மாற்றிக் கணக்கிடுவார்கள். அறை வாடகைக்கு உண்டு, அறைக் கணக்கில் எழுதப்படும் சாப்பாட்டுக்கும் பொதுவாக உண்டு, வரிக்குக் கிடையாது. ஹயாத்தில் டாலருக்கு 5 பாயிண்ட்தான். ஆனால் அங்கே ஒரு பாயிண்டின் மதிப்பு அதிகம். ஆகவே எங்கே அதிக எண்ணிக்கை தருகிறார்கள் என்று பார்த்து ஏமாற வேண்டாம்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. அறையை ஹோட்டலின் சொந்தத் தளத்தில், செயலியில், அல்லது கம்பெனி அந்தக் குழுமத்தோடு செய்துகொண்ட ஒப்பந்த விலையில் பதிவு செய்திருக்க வேண்டும். புக்கிங் டாட் காம், அகோடா, மேக்மைட்ரிப் போன்ற இடைத்தளங்களில் எடுத்த அறைக்குப் பொதுவாகப் பாயிண்ட் கிடையாது. உம்ரா குரூப்பில் போகும்போதும் இதே நிலைதான். ஏஜென்ட் மொத்த விலையில் பல அறைகளை வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அது ஐந்து நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் கவுன்டரில் எண்ணைக் கொடுத்துப் பயனில்லை. அங்கே நின்று ஊழியரோடு வாக்குவாதம் செய்வதும் வீண்.

எண் இருந்தும் கொடுக்க மறந்துவிட்டால்? உறுப்பினரான பிறகு தங்கிய இரவு என்றால், பெரிய குழுமங்கள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் ரசீதைக் காட்டிக் கேட்க இடம் தருகின்றன. அதனால் ரசீதை உடனே தூக்கிப் போட வேண்டாம்.

இரவுகளின் எண்ணிக்கைக்கும் தனி மதிப்பு உண்டு. மேரியாட்டில் ஒரு வருடத்தில் 10 இரவு தங்கினால் சில்வர், 25 இரவுக்கு கோல்டு, 50 இரவுக்கு பிளாட்டினம். கோல்டு ஆனவருக்கு 25 விழுக்காடு கூடுதல் பாயிண்ட், பிளாட்டினத்துக்கு 50 விழுக்காடு. பல ஹோட்டல்களில் பிளாட்டினத்துக்குக் காலை உணவும் கிடைக்கும். நான்கு வெவ்வேறு குழுமங்களில் பத்துப் பத்து இரவு தங்குகிறவர் எதிலும் உயர மாட்டார். கம்பெனி அனுமதிக்கும் இடத்தில் ஒரே குழுமத்தில் தங்குவது நல்லது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பில் கட்டுவது கம்பெனி. பாயிண்ட் தங்குகிறவர் பெயரில் ஏறும் என்பது ஹோட்டலின் விதி. ஆனால் சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் 200 ரியாலுக்கு நல்ல அறை இருக்கும்போது, பாயிண்டுக்காக 450 ரியால் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்துக் கம்பெனிக் கணக்கில் எழுதுவது அமானிதத்துக்குப் பொருந்தாது.

சரி, இதன் மதிப்பு என்ன? கணக்கு எளிது. பார்க்கும் அறைக்கு வரியோடு 12,000 ரூபாய், அல்லது 20,000 பாயிண்ட் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்ட் 60 காசு. அதே அறைக்கு வேறொரு நாளில் 6,000 ரூபாயும் 20,000 பாயிண்டும் காட்டினால் ஒரு பாயிண்ட் வெறும் 30 காசு. அன்று பணம் கட்டித் தங்கிவிட்டுப் பாயிண்டை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மேரியாட்டில் 2022 மார்ச் முதல் இந்த ஹோட்டலுக்கு இவ்வளவு பாயிண்ட் என்ற நிலையான பட்டியல் கிடையாது. கூட்டத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும்.

ஒரு வருடத்தில் 40 இரவு, இரவுக்கு 100 டாலர் என்றால் 4,000 டாலர். கூடுதல் சலுகை எதையும் சேர்க்காமலே 40,000 பாயிண்ட். 60 காசு வீதம் 24,000 ரூபாய் மதிப்பு. மேரியாட்டில் தொடர்ந்து ஐந்து இரவு பாயிண்டில் எடுத்தால், குறைந்த பாயிண்ட் உள்ள ஓர் இரவுக்குக் கழித்துக்கொள்வதில்லை. இரவுக்கு 10,000 பாயிண்ட் கேட்கும் ஹோட்டலில் 40,000-ஐ வைத்து ஐந்து இரவு குடும்பத்தோடு தங்கிவிடலாம். இத்தனையும் ஒரு எண்ணைச் சொல்லாத காரணத்தால் போகிறது.

நம்மவர்களில் பலர் இதைப் பயன்படுத்த விரும்பும் இடம் ஹரமைன்தான். இடத்துக்குக் குறைவில்லை. மக்காவில் கடிகாரக் கோபுர வளாகத்தில் உள்ள ஃபேர்மாண்ட், சுவிஸ்ஸோட்டல், புல்மேன் ஜம்ஜம் ஆகியவை அக்கோர் குழுமம். ஜபல் உமர் பகுதியில் ஹில்டன், கான்ராட், ஹயாத் ரீஜென்சி, மேரியாட் இருக்கின்றன. மதீனாவில் ஹில்டனும், இன்டர்கான்டினென்டலும், லெ மெரிடியனும் உண்டு. அக்கோரில் முறை சற்று வேறு. அங்கே 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ என்று பில்லில் கழித்துக்கொள்வார்கள். கணக்கு வழக்குப் புரியாதவர்களுக்கு அதுவே எளிது.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. ஹஜ்ஜுக்கு இதில் வேலையே இல்லை. இந்தியாவிலிருந்து ஹஜ் கமிட்டி மூலமோ அனுமதி பெற்ற தனியார் ஹஜ் நிறுவனம் மூலமோதான் போக முடியும், தங்குமிடம் அதில் சேர்ந்தே வரும். ஊரிலிருந்து உம்ரா விசாவில் ஏஜென்ட் வழியாகப் போகிறவர்களுக்கும் தங்குமிடம் பெரும்பாலும் தொகுப்பில் இருக்கும். பாயிண்டில் எடுத்த அறையை அதில் ஏற்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். உண்மையில் அதிகப் பயன் சவூதியில் இகாமாவோடு இருப்பவர்களுக்குத்தான். நுஸுக் செயலியில் அனுமதி எடுத்துக்கொண்டு, வார நாளில் போய்வர அவர்களால் முடியும். ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் பாயிண்ட் அறை கிடைப்பது மிக அரிது. ஸஃபர், ரபீஉல் அவ்வல் போன்ற மாதங்களில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்குத் தேடிப் பாருங்கள்.

குடும்பத்தில் இரண்டு பேர் சேர்த்தால் ஒன்றாக்கவும் வழியுண்டு. ஹில்டனில் பதினொரு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து பாயிண்டை ஒரே கணக்கில் போட்டுக்கொள்ளலாம். மேரியாட்டில் ஒருவர் வருடத்துக்கு ஒரு லட்சம் பாயிண்ட் வரை மற்றவருக்கு அனுப்பலாம்.

இப்போது கார்டுக்கு வருவோம்.

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் எச்.டி.எஃப்.சி. வங்கியும் மேரியாட்டும் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டை அறிமுகம் செய்தன. நேரடியாக ஒரு ஹோட்டல் குழுமத்தின் பாயிண்ட் சேரும் கார்டு என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அறிமுகமானபோது அறிவித்த நிபந்தனைகள் இவை: வருடக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும். மேரியாட் ஹோட்டல்களில் செலவிட்டால் 150 ரூபாய்க்கு 8 பாயிண்ட், பயணம், உணவகம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு 4, மற்றவற்றுக்கு 2. சேரும்போதும் பின்னர் ஒவ்வொரு வருடமும் 15,000 பாயிண்ட் வரை மதிப்புள்ள ஓர் இலவச இரவு. வாங்க நினைப்பவர்கள் இன்றைய நிலவரத்தை வங்கியின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

மளிகை, துணி, போன் பில் என்று மாதம் 30,000 ரூபாய் இந்தக் கார்டில் செலவு செய்யும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? 150-க்கு 2 வீதம் 400 பாயிண்ட். 60 காசு வீதம் 240 ரூபாய். வருடம் முழுக்க 4,800 பாயிண்ட், அதாவது 2,880 ரூபாய். கட்டணமோ வரியோடு 3,540 ரூபாய். ஆக, அந்த ஓர் இலவச இரவைப் பயன்படுத்தாதவருக்கு இது நஷ்டம்தான். இலவச இரவுக்குக் கெடுவும் உண்டு. நமதூர்க்காரர் அதைப் பயன்படுத்த குறைந்தது சென்னை வரை போக வேண்டும். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ விமானத்துக்கோ சென்னையில் எப்படியும் தங்குகிறவர் என்றால் சரி, அதற்கென்றே பயணம் கிளம்புகிறவருக்கு எங்கே இலவசம்?

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இது டைனர்ஸ் கார்டு. சிறிய ஊர்க் கடைகளில் உள்ள எல்லா மெஷினும் அதை எடுப்பதில்லை. க்யூ.ஆர். ஸ்கேன் செய்து கிரெடிட் கார்டில் கட்ட வேண்டுமானால் ரூபே கார்டு மட்டுமே ஆகும். நம் கடைத்தெருவில் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி இன்று க்யூ.ஆர். வழியாகத்தான். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது, தவணைக்கு மாற்றிய செலவு ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் பாயிண்டே கிடையாது. வெளிநாட்டுப் பணத்தில் கட்டினால் பெரும்பாலான கார்டுகளில் 3.5 விழுக்காடு வரை தனிக் கட்டணமும் அதன்மேல் வரியும் போகும். மதீனாவில் கடைக்குக் கடை கார்டைத் தேய்த்துச் சேர்த்த பாயிண்டைவிட அந்தக் கட்டணம் அதிகமாக இருக்கும். டாடா நியூ கார்டுகளில் சேரும் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய்க்குச் சமம், தாஜ் ஹோட்டலிலும் செல்லும், மளிகைக்கும் செல்லும். ஹோட்டலில் அதிகம் தங்காதவர்களுக்கு இப்படிப் பல இடத்தில் செல்லும் பாயிண்டே தேவலாம் என்பது நம் கருத்து.

இவையெல்லாம் சிறிய கணக்குகள். பெரிய கணக்கு வட்டிதான். பல கார்டுகளில் மாதம் 3.75 விழுக்காடு வரை வட்டி போடுகிறார்கள். வருடத்துக்கு 45 விழுக்காடு. அந்த 30,000 ரூபாய் பில்லை ஒரே ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி 1,125 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 1,327 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. மாதம் 240 ரூபாய் மதிப்புள்ள பாயிண்டை ஐந்தரை மாதம் சேர்த்தாலும் ஒரு மாத வட்டிக்குத்தான் ஈடாகும்.

இதில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. 30,000-க்கு 28,000 கட்டிவிட்டோம், மீதி 2,000-க்குத்தானே வட்டி என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. முழுவதையும் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். வாங்கிய நாளிலிருந்து, பணம் கட்டிய நாள் வரை முழுத் தொகைக்கும், பிறகு மீதிக்கும் வட்டி ஓடும். அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. பில்லில் கொட்டை எழுத்தில் போடும் 'மினிமம் டியூ' என்ற தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்பும், வட்டி தப்பாது. ஆட்டோபே போடுகிறவர்கள் அதில் 'டோட்டல் டியூ' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று இன்றே பாருங்கள். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் முதல் நாளே வட்டி தொடங்கிவிடும்.

கார்டு வட்டி வருடத்துக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை.

ஊரில் வழக்கமாக நடப்பது இன்னொன்று: பாயிண்ட் நமக்குத்தானே என்று மச்சானுக்கு ஃபிரிட்ஜ், நண்பனுக்கு ஐபோன் எல்லாம் நம் கார்டில் வாங்கிக் கொடுப்பது. அவர் சொன்ன தேதியில் பணம் தரவில்லை என்றால் வட்டி கட்ட வேண்டியவர் நாம். சிபில் மதிப்பெண் கெடுவதும் நம்முடையது. உறவும் கெடும். வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் அந்தத் தகவல் வருமான வரித்துறைக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

மார்க்கத்தின் பார்வையைக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய 12-வது அமர்வில், தாமதமானால் வட்டி என்ற நிபந்தனையுள்ள கிரெடிட் கார்டை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும்கூட வாங்கக் கூடாது என்று தீர்மானித்தது. தவணைக்குள் முழுவதையும் கட்டிவிடுவது உறுதி என்றால் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வட்டி கட்டும்படி ஆவதை எவரும் அனுமதிக்கவில்லை. கார்டே வேண்டாம் என்பவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. தங்கிச் சேர்க்கும் பாயிண்டுக்குக் கிரெடிட் கார்டு தேவையே இல்லை, டெபிட் கார்டிலோ ரொக்கமாகவோ கட்டினாலும் அதே 10 பாயிண்ட்தான்.

சேர்த்ததைக் காப்பதிலும் கவனம் வேண்டும். மேரியாட், ஹில்டன், ஹயாத் ஆகியவற்றில் 24 மாதம் எந்த வரவும் செலவும் இல்லாவிட்டால் பாயிண்ட் காலாவதியாகிவிடும். அக்கோரில் 365 நாள். விசா முடிந்து ஊரோடு வந்துவிட்டவர்கள் இதில்தான் இழக்கிறார்கள். வருவதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள், அல்லது அங்கே இருக்கும் தம்பி, மகன் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

'உங்கள் ரிவார்டு பாயிண்ட் 9,980 ரூபாய் இன்று இரவோடு முடிகிறது, கீழே உள்ளதை அழுத்துங்கள்' என்று வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் வருவது மோசடி. எந்த வங்கியும் ஏ.பி.கே. கோப்பு அனுப்பிப் பாயிண்ட் தருவதில்லை. ஓ.டி.பி. கேட்பதும் இல்லை. பெரியவர்கள் போனில் வரும் இத்தகைய செய்திகளை வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்து அழித்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஏற்கெனவே கார்டு வாங்கி, வேண்டாம் என்று நினைப்பவர்கள் பாக்கியை முழுவதும் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு உத்தரவுப்படி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வங்கியின் சொந்தப் பாயிண்ட் என்றால் மூடுவதற்கு முன்பே பயன்படுத்திவிட வேண்டும். ஹோட்டல் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பாயிண்ட் கார்டை மூடினாலும் அங்கேயே இருக்கும்.